ஆரு சொன்னா?

ஒருவர் செத்துப்போனார் என்று சொன்னால்கூட அந்தப் பிள்ளை சட்டென்று நம்பாது. ஒரு நாள் காலையில் எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில், முதலாளியின் பெரியப்பா காலமாகிவிட்டார் என்று செய்தி வந்தது. முதலாளி அன்றைக்குத் திருவனந்தபுரத்தில் இருந்தார், போனை எடுக்கவில்லை. நாங்கள் கம்ப்யூட்டர்களை அணைத்துவிட்டு எழுந்துவிட்டோம். கொட்டாரம் சந்திப்பில் மாலை வாங்கியாயிற்று, வேனும் வாசலில் வந்து நின்றது. அந்தப் பிள்ளை மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

“ஆரு சொன்னா?” என்றாள்.

“குரூப்புல கிடக்கு, பாக்கலியா?”

“குரூப்புல போட்டது ஆரு?”

“முதலாளிக்க டிரைவர்.”

“டிரைவருக்கு ஆரு சொன்னா?”

அவள் போனை எடுத்து, செத்துப்போனவரின் நம்பருக்கே கூப்பிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இரண்டு தடவை மணி அடித்ததும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கனத்த குரல், “ஆரு பேசுகது?” என்றது. அடுத்த தெருவில் அதே பெயருள்ள வேறொருவர் இறந்திருக்கிறார். வாங்கிய மாலையை அந்த வீட்டுக்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தோம். வேனில் திரும்பும்போது ஒருவரும் அவளைப் பாராட்டவில்லை. சாவையே நம்பாத ஒரு பெண்ணை என்ன சொல்லிப் பாராட்டுவது?

இதெல்லாம் நடந்து ஆறேழு வருஷம் இருக்கும். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. பேச்சிப்பாறை மலைப்பக்கத்துக்காரி, நாகர்கோவிலில் ஹாஸ்டலில் தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. சவுதியில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் பதினான்கு வருஷம் டாக்குமென்ட் கன்ட்ரோலராக இருந்தவன். ஒரு காகிதம் எங்கிருந்து வந்தது, யார் கையெழுத்து, எந்த ஃபைலில் இருக்கிறது என்று உறக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவனுக்கு வேலை சொல்லிக்கொடுக்க இந்தச் சின்னப் பிள்ளையை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். எனக்கு அது முதல் நாளே பிடிக்கவில்லை.

கொட்டாரத்தில் ஒரு உரக்கடையின் மாடியில்தான் எங்கள் அலுவலகம். ஜன்னலைத் திறந்தால் வயல், சாத்தினால் யூரியா வாசம். வெளிநாட்டில் இருக்கும் ஒரு அறக்கட்டளைக்காக, கடற்கரை ஊர்க் கத்தோலிக்கக் கோயில்களில் இருக்கும் பழையதும் புதியதுமான ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, இறப்புப் பதிவேடு எல்லாவற்றையும் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தோம். கடல் தாண்டிப் போன குடும்பங்கள் தங்கள் வேரைத் தேட உதவும் என்பது திட்டம். ஆனால் சாதாரணப் பட்டியலாக ஏற்றக் கூடாது. ஆளுக்கு ஆள், உறவுக்கு உறவு கோத்து ஒரு பெரிய வலையாகப் பின்ன வேண்டும். அந்த வலையிடம் கேள்வி கேட்பதற்கு ஸ்பார்க்கிள் என்று தனியாக ஒரு கம்ப்யூட்டர் பாஷை. அதைத்தான் அவள் எனக்குக் கற்றுத்தந்தாள்.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மூன்று கட்டம் போட்டாள்.

“அண்ணே, இதுல நீட்டி முழக்கி ஒண்ணும் எழுத முடியாது. ஒரு வரிக்கு மூணு கட்டம்தான். ஆரு, என்ன உறவு, ஆரு. இப்ப பாருங்க. சேவியர், தகப்பன், சூசை. சேவியருக்க தகப்பன் சூசையாக்கும். மனசிலாச்சா?”

“இதுல மனசிலாக என்ன இருக்கு?”

“கேக்கதும் இதே மாதிரிதான். தெரியாத கட்டத்துல ஒரு கேள்விக்குறி போடணும். கேள்விக்குறி, தகப்பன், சூசை. சூசைக்க மக்கள் எல்லாரும் வரிசையா வந்து நிப்பாவ. கேள்விக்குறிக்கு ஒரு பேரும் வச்சுக்கிடலாம். அதே பேரை அடுத்த வரியிலயும் போட்டா, ரெண்டு வரியிலயும் ஒரே ஆளு வந்து உக்காரணும். அப்படியே பேரன், பேத்தி, கொழுந்தியா வரைக்கும் போய்க்கிட்டே இருக்கலாம்.”

நான் தலையாட்டினேன். அவளுக்கு அது போதவில்லை. என் மேசைமேல் இருந்த சோற்றுப்பொதியைக் காட்டினாள்.

“அண்ணன், சோத்துப்பொதிக் கறி, கேள்விக்குறி. பதில் சொல்லுங்க.”

“சாளை.”

“ஆரு சொன்னா?”

“எனக்க வீட்டுக்காரி வச்ச கறி, பிள்ளே. வேற ஆரு சொல்லணும்?”

“திறந்து பாத்தியளா?”

திறந்தேன். முட்டைக்கறி. அன்றைக்குக் காலையில் மீன்காரி வரவில்லையாம், என் மனைவி அதை என்னிடம் சொல்ல மறந்திருக்கிறாள். அந்தப் பிள்ளை சிரிக்கக்கூட இல்லை. தாளில் நான்காவதாக ஒரு கட்டம் போட்டாள்.

“இதாக்கும் முக்கியமான கட்டம். ஆரு சொன்னா. நாம ஏத்துக ஒவ்வொரு வரிக்குப் பின்னாலயும் நம்ம பேரு ஒட்டிக்கிட்டு இருக்கும். எந்தப் பதிவேடு, எந்தப் பக்கம், ஏத்துனது ஆரு. வரி தப்பாப் போனாலும் அழிக்கக் கூடாது. தப்புன்னு பக்கத்துல எழுதலாம், அவ்வளவுதான். தப்பு சொன்னது ஆருன்னு நாளைக்கு வாறவன் அறியணும்லா?”

எனக்கு அப்போதே ஒரு மாதிரியாக இருந்தது. நாற்பது வயதுக்கு மேல் ஒருவன் வேலைக்கு வருவது, அவன் செய்யும் பிழையை எல்லாம் என்றென்றைக்கும் சேர்த்துவைப்பதற்கா?

அவளுக்கு ஆகாத சொல் ஒன்று உண்டு. ‘இல்லை.’ ஒருமுறை கனடாவிலிருந்து ஒருவர் தன் பூட்டனாரின் தம்பி பற்றிக் கேட்டிருந்தார். நான் கேள்வி போட்டுப் பார்த்தேன், ஒரு வரியும் வரவில்லை. ‘இவருக்குப் பிள்ளைகள் இல்லை’ என்று பதில் எழுதினேன். அவள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, பல்லி விழுந்தது போல் பதறினாள்.

“இல்லன்னு ஆரு சொன்னா?”

“ஒண்ணும் வரலியே.”

“வரலன்னா தெரியலன்னு அர்த்தம். ரேஷன் கடை மாதிரி இல்லண்ணே இது. அங்க பட்டியல்ல பேரு இல்லன்னா ஆளே இல்ல, அரிசியும் கிடையாது. இங்க எழுதாம விட்டது நமக்கு இன்னும் வந்து சேராதது. ஒரு பதிவேட்டைக் கரையான் தின்னிருக்கலாம், ஒரு கோயில்ல அலமாரிச் சாவி கிடைக்காம இருக்கலாம். ஒருத்தருக்குப் பிள்ளையே இல்லன்னு நாம எப்படிச் சொல்ல?”

என் அறிக்கை முழுவதையும் வாங்கி, பதினோரு இடத்தில் ‘இல்லை’யை அடித்து ‘தெரியவில்லை’ என்று மாற்றிக் கொடுத்தாள். படித்தால் ஒன்றுமே தெரியாத ஒருவன் எழுதிய அறிக்கை போல் இருந்தது.

இந்தக் குணம் அலுவலகத்தோடு நிற்கவில்லை. கீழே சாயாக்கடையில் பால் இன்றைக்குக் கறந்தது என்றால் கேள்வி. பஸ் ஏறும்போது கண்டக்டரிடம் கேட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் இருக்கும் பாட்டியிடம் தனியாக ஒரு தடவை கேட்பாள், நாகர்கோவில்தானே போகுது என்று. பஸ்ஸின் நெற்றியில் போர்டு எழுதித் தொங்கும், அது கணக்கில் வராது. எங்கள் எல்லோரிடமும் ஒரே விஷயத்தைத் தனித்தனியாகக் கேட்பாள். ஒருவன் சொன்னது இன்னொருவன் சொன்னதோடு சேராவிட்டால் அவள் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வரும். அலுவலகத்தில் அவளுக்கு சி.ஐ.டி. என்று பெயர் வைத்தோம். வைத்தது நான்தான்.

தினமும் சாயங்காலம் கிளம்புவதற்கு முன் அவள் நான்காவது கட்டத்தைத் திறந்து, யார் என்ன ஏற்றியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். முதலாளியிடம் எங்களைப் பற்றிப் போட்டுக்கொடுக்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். ஒரு நாள் அவளுடைய சின்ன டைரியில் என் பெயரும், அதற்கு நேராக ஒரு டிக் அடையாளமும் இருப்பதைப் பார்த்துவிட்டேன். மற்றவர்கள் பெயருக்கு நேராக ஒன்றும் இல்லை. நான் பார்த்ததைக் கண்டதும் டைரியை மூடிவிட்டாள். என்னைத்தான் குறிவைத்திருக்கிறாள் என்று அன்றைக்கு வீட்டுக்குப் போகும்வரை நினைத்துக்கொண்டே போனேன்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் நான் அவளை ஒரு பிழையில் பிடித்திருந்தேன். ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பன் பெயருக்கு அடுத்து, குழந்தைக்குச் சாட்சியாக நிற்கும் ஞானத்தகப்பன் பெயர் இருக்கும். ஒரு குழந்தைக்கு அவள் இடம் மாற்றி ஏற்றியிருந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன். “பிள்ளே, இந்தக் கொச்சுக்கு ஞானத்தகப்பனைத் தகப்பனாக்கி வச்சிருக்கியே, ஆரு சொன்னா?” அவளுக்குக் கோபம் வரவில்லை. பதிவேட்டுப் படத்தை இரண்டு தடவை பெரிதாக்கிப் பார்த்தாள். தப்பு என்று தன் பெயர் போட்டே குறித்தாள். பிறகு என்னைப் பார்த்து, “இனி உங்களுக்க எண்ட்ரியை நான் ரெண்டாமது பாக்காண்டாம் போலிருக்கே” என்று சொல்லிச் சிரித்தாள். என்னைக் கேலி செய்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பதிலுக்கு நானும் சிரித்துவைத்தேன், உள்ளே கறுவிக்கொண்டு.

இனி என் தங்கச்சியின் காரியத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

எங்கள் ஊர் கடியப்பட்டணத்துக்குப் பக்கம். அப்பா இல்லை. நான் சவுதியில் இருந்த காலத்தில் தங்கச்சிக்கு வந்த வரன்கள் எல்லாம், அண்ணன் வரட்டும் என்று சொல்லிச் சொல்லியே நழுவிப்போயின. நான் வந்தபோது அவளுக்கு முப்பத்திரண்டு. கடைசியில் கிழக்கே ஒரு கடற்கரை ஊரிலிருந்து நல்ல இடம் அமைந்தது. மாப்பிள்ளை கப்பலில் வேலை செய்பவன், அமைதியான ஆள். அவன் வந்து பார்த்துவிட்டுப் போன அன்று தங்கச்சி அடுக்களையில் மெதுவாகப் பாடியதை நான் கேட்டேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கேட்ட பாட்டு அது.

அலுவலகத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். அவள் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“மாப்பிள்ளைக்க பேரு என்னண்ணே?”

“சேவியர். தகப்பன் பேரு சூசை.”

“வட்டப்பேரு?”

எனக்குச் சுருக்கென்றது. கடற்கரையில் எல்லா வீட்டுக்கும் ஒரு வட்டப்பெயர் உண்டு, கட்டையன், கொடுவா, சங்கு என்று ஏதாவது. ஊருக்குள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆளைக் கண்டுபிடிப்பார்கள். ஆனால் சம்பந்தம் பேசும்போது அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், மரியாதை இல்லை. மலைப்பக்கத்துப் பிள்ளைக்கு அது எங்கே தெரியும் என்று நினைத்தேன். “உனக்கெதுக்கு அதெல்லாம்?” என்றேன். “சும்மா கேட்டேன்” என்று லட்டைத் தின்றாள். அவள் எதையும் சும்மா கேட்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, யாருக்காவது தடை தெரிந்தால் சொல்ல வேண்டும் என்று பூசை முடிவில் அறிவிப்பதுதான் ஓலை. இரண்டு ஊர்க் கோயிலிலும் வாசிப்பார்கள். முதல் ஓலை ஆயிற்று. இரண்டாவது ஓலை ஆயிற்று. அதற்கு அடுத்த வியாழக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போனபிறகு, நான் மாப்பிள்ளையின் பெயரைப் போட்டுக் கேட்டுப் பார்த்தேன்.

ஏன் கேட்டேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அவள் வட்டப்பெயர் கேட்ட நாளிலிருந்து மனதில் ஒரு முள் கிடந்தது. சூசை மகன் சேவியர், மணமுடித்தது, கேள்விக்குறி. ஒரு வரி வந்தது. ஒரு பெண்ணின் பெயர். வேறொரு ஊர்க் கோயிலில், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்த கல்யாணம். மணமகன் சேவியர், தகப்பன் சூசை, ஊரும் அதே ஊர். வயதும் ஏறக்குறைய சரியாக இருந்தது. அந்தப் பெண் இறந்ததாகப் பதிவு ஒன்றும் வரவில்லை.

அதன்பிறகு எல்லாமே விளங்குவது போல் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஏன் நாளைத் தள்ளாமல் அவசரப்படுத்தினார்கள்? அவன் ஏன் அவ்வளவு அமைதியாக இருந்தான்? இந்தப் பிள்ளை ஏன் வட்டப்பெயர் கேட்டாள்? இவளுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது, தெரிந்தும் மறைத்திருக்கிறாள். சாப்பிட்டுவிட்டு வந்தவள் என் முகத்தைப் பார்த்து, “என்னண்ணே, வயித்துக்கு ஆகலியா?” என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அந்த வரியை அவளிடம் காட்டியிருந்தால் போதும். காட்டவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது தங்கச்சி கல்யாண ரவிக்கைக்குத் துணி பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் துணியை மடித்து வைத்தாள்.

“ஆரு சொன்னாண்ணே?”

“கம்ப்யூட்டர்ல இருக்கு.”

“கம்ப்யூட்டர்ல ஆரு எழுதுனா?”

“பதினாலு வருஷம் இதே வேலை பாத்தவன் நான். எனக்குத் தெரியாதா?” என்று கத்தினேன். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

மாப்பிள்ளையின் மாமாவுக்குப் போன் போட்டேன். அவரும் அதையே கேட்டார், ஆரு சொன்னா என்று. பிறகு வாயில் வந்ததெல்லாம் பேசினார். குற்றம் உள்ளவன்தான் இப்படித் துள்ளுவான் என்று எனக்கு இன்னும் உறுதியாயிற்று. மறுநாள் எங்கள் கோயிலின் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். மாப்பிள்ளைக்கு முன்பு கல்யாணம் ஆகவில்லை என்று அவர்கள் கோயிலிலிருந்து வந்திருந்த கடிதத்தைச் சாமியார் எடுத்துக் காட்டினார்.

“அவ்வோ பதிவேட்டுல இல்லன்னுதானே சாமி எழுதியிருக்கு?” என்றேன். “பதிவேட்டுல இல்லாததெல்லாம் நடக்காததா?”

அந்தப் பிள்ளை சொல்லித்தந்த பாடத்தை அச்சுப் பிசகாமல் சொன்னேன். சாமியார் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, விசாரித்துப் பார்க்கலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. பூசை முடிந்து ஒரு அறிவிப்பும் வராதபோது கோயிலுக்குள் எழுந்த முணுமுணுப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது. மாப்பிள்ளையின் ஊரிலும் அதே நேரம் அதே முணுமுணுப்பு எழுந்திருக்கும். தங்கச்சி கடைசிப் பெஞ்சிலிருந்து எழுந்து தனியாக வீட்டுக்கு நடந்தாள்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் அவளிடம் சொன்னேன். குத்திக்காட்டத்தான் சொன்னேன். “உனக்கு முன்னமே தெரியும், இல்லியா?”

“என்ன தெரியும்?”

வரியைத் திறந்து காட்டினேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கல்யாணத்தைப் பார்க்கவில்லை, பெண்ணின் பெயரைப் பார்க்கவில்லை. திருமணப் பதிவேட்டில் இருக்கும் சேவியரையும் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கும் சேவியரையும் கோத்த வரியைப் பிடித்தாள். ‘இவரும் அவரும் ஒருவரே’ என்று ஒரு வரி எழுதினால்தான் இரண்டு பதிவேட்டு ஆட்களும் வலையில் ஒரே ஆளாக மாறுவார்கள். எங்கள் வேலையிலேயே ஆபத்தான வரி அதுதான். அதனால் ஒருவர் எழுதினால் இன்னொருவர் பதிவேட்டைப் பார்த்து ‘சம்மதம்’ என்ற பொத்தானை அமுக்க வேண்டும் என்று விதி. அவளோ முதலாளியோ அமுக்குவார்கள். முதலாளி எதையும் பார்க்காமல் அமுக்குவார் என்பது ஊரறிந்த விஷயம்.

அவள் நான்காவது கட்டத்தில் கேள்விக்குறி போட்டாள். இந்த ரெண்டு பேரும் ஒண்ணுன்னு ஆரு சொன்னா?

ஒரே ஒரு வரி வந்தது. என் பெயர்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் நானே எழுதியிருக்கிறேன். அப்போது இந்த மாப்பிள்ளையை எனக்குத் தெரியாது, ஒரு நாளைக்கு நூறு வரி ஏற்றும் வேகத்தில் அவனும் ஒரு வரி. சூசை மகன் சேவியர் அந்த ஊர் ஞானஸ்நானப் பதிவேட்டில் எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறேன், ஒருவன்தான் வந்திருக்கிறான். அப்படியானால் அவன்தான் என்று கோத்துவிட்டேன்.

“ஒருத்தன்தான் உண்டுன்னு நினைச்சியளா?” என்று கேட்டாள். குரலில் கோபமில்லை. “நமக்குத் தெரிஞ்சது ஒருத்தன். அந்த ஊரு கோயில் சவேரியார் கோயில்லா, பாதி ஆம்பிளையளும் சேவியர்தான். இன்னொரு சேவியருக்க அம்மா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போயிருப்பா. கொச்சுக்கு அந்த ஊருலயே தண்ணி ஊத்தியிருப்பாவ. அந்தக் கோயில் பதிவேடு நம்ம கைக்கு இன்னும் வரலியே.”

தலைச்சன் பிள்ளைக்குத் தாய்வீட்டு ஊரில் ஞானஸ்நானம் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கே அம்மாவின் ஊரில்தான் கொடுத்தார்கள். என் பெயர் எங்கள் ஊர்ப் பதிவேட்டில் கிடையாது.

அவள் அந்த ஊர்க் கோயிலில் வேலை பார்க்கும் உபதேசியாருக்குப் போன் செய்து இரண்டே கேள்விதான் கேட்டாள். சூசை மகன் சேவியர் எத்தனை பேர், வட்டப்பெயர் என்ன. மூன்று பேர் இருந்தார்கள். கல்யாணமானவன் கொடுவா வீட்டுச் சேவியர், ஐஸ் பிளான்ட்டில் வேலை, இரண்டு பிள்ளைகள். என் தங்கச்சிக்குப் பேசியவன் சங்கு வீட்டுச் சேவியர். அவனுக்கு ஒரு கல்யாணமும் ஆகியிருக்கவில்லை.

“லட்டு தந்த அன்னைக்கே கேட்டேன்லா அண்ணே” என்று மட்டும் சொன்னாள்.

அந்த வரியை அழித்துவிடு என்று கெஞ்சினேன். எனக்கு அப்போது அதுதான் பெரிதாகத் தோன்றியது, அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அவள் முடியாது என்றாள். ‘தப்பு, இவர்கள் வேறு வேறு ஆட்கள்’ என்று என் கையாலேயே அடிக்கவைத்தாள். நான் எழுந்து முகம் கழுவப் போய்விட்டுத் திரும்பியபோது அவள் அதே திரையில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் மூடினாள். முதலாளிக்குப் புகார் எழுதுகிறாள் என்று நினைத்தேன். அந்த நிலைமையிலும் எனக்கு அப்படித்தான் நினைக்க வந்தது.

சாயங்காலம் அவளும் என்னோடு பஸ் ஏறினாள், மாப்பிள்ளை வீட்டுக்கு. நான் கூப்பிடவில்லை. அவன் அம்மா எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள், அதுவே பெரிது. அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னது. அலுவலகத்துத் தப்பு, இரண்டு சேவியர் ஒன்றாகிவிட்டார்கள், உங்கள் மகன்மேல் ஒரு குறையும் இல்லை என்று. என் பெயரைச் சொல்லவில்லை. அந்த அம்மா கடைசிவரை கேட்டாள்.

“நீ சொல்லுகது சரிதான் மக்கா. எனக்க மவனுக்கு முன்னயே ஒரு பொண்டாட்டி உண்டுன்னு ரெண்டு ஊரும் பேசியாச்சு. இனி நான் ஒவ்வொரு வீடா ஏறி, இல்லன்னு சொன்னா ஆரு நம்புவா?”

எதற்கும் ஒரு கேள்வி வைத்திருக்கும் பிள்ளை. அன்றைக்குத் திரும்பி வரும்போது எந்த பஸ் என்றுகூட யாரிடமும் கேட்காமல் ஏறி உட்கார்ந்தாள்.

கல்யாணம் நடக்கவில்லை. அடுத்த வருஷம் தங்கச்சி குவைத்துக்கு லேப் டெக்னீஷியனாகப் போனாள். வாரம் தவறாமல் கூப்பிட்டு அம்மாவிடமும் என் மனைவியிடமும் பேசுவாள். போன் என் கைக்கு வந்தால், “நல்லா இருக்கியளாண்ணே?” என்பாள். நல்லா இருக்கிறேன் என்று சொன்னதும் வைத்துவிடுவாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

அந்தப் பிள்ளையும் இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டது. யாரிடமும் சரியாகச் சொல்லிக்கொள்ளவில்லை. பெங்களூரில் இருப்பதாக ஒருவன் சொன்னான், கல்யாணமாகித் திருவல்லாவில் இருப்பதாக இன்னொருவன் சொன்னான். ஆரு சொன்னா என்று கேட்டேன், இரண்டு பேருக்கும் தெரியவில்லை. போகட்டும், நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். என் பெயரை மட்டும் காட்டிக் குனியவைத்துவிட்டுப் போனவள் என்ற எண்ணம் உள்ளே ஒரு ஓரத்தில் கிடந்தது.

இப்போது அந்த அலுவலகத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் அந்தக் கடற்கரை ஊர்க் குடும்பம் ஒன்றைப் பற்றி வெளிநாட்டிலிருந்து கேட்டிருந்தார்கள். தேடிக்கொண்டு போகும்போது சேவியர் வரி கண்ணில் பட்டது. தாண்டிப் போக முடியவில்லை. அன்று அவள் கேட்டது ஒரே கேள்வி, ஆரு சொன்னா என்று. இன்னொரு கேள்விக்குறியும் போடலாம் என்பது எனக்கு இத்தனை வருஷமாகத் தோன்றவே இல்லை. இதைச் சரிபார்த்துச் சம்மதம் அமுக்கியது யார்? முதலாளியின் பெயர் வரும் என்று எதிர்பார்த்துத்தான் போட்டேன்.

அவள் பெயர் வந்தது.

அப்படியானால் அன்றைக்குத் தன் பெயரை மறைத்துவிட்டு என் பெயரை மட்டும் காட்டியிருக்கிறாள்! கள்ளி என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பிறகுதான் அவள் பெயருக்குப் பின்னால் ஒரு குறிப்பு ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். தேதி அந்தத் திங்கட்கிழமை. நேரம், நான் முகம் கழுவப் போன நேரம். அவள் டைரியில் என் பெயருக்கு நேராக மட்டும் ஏன் டிக் இருந்தது என்பதும் அதைப் படித்தபோதுதான் தெரிந்தது.

‘பதிவேட்டைப் பார்க்கவில்லை. அண்ணன் சொன்னதால் நம்பினேன்.’